வாசலில் நிற்கும் விருந்தாளி

(சபையின் ஆண்டு நிறைவு ஸ்தோத்திர ஆராதனையில் வழங்கிய செய்தி)



ஆண்டு நிறைவு நாளில் நாம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். வேறொரு சபையார் தங்கள் ஆலயத்தை ஞாயிறு பிற்பகலில் நமக்குத் தந்ததையும், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து கூடியதையும், ஆராதனை முடிந்ததும் தேநீருக்கு யார் ரோல்ஸ் செய்து கொண்டுவந்தார்கள் என்பதையும் மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்லி மகிழ்கிறார்கள். நன்றியோடு நினைப்பது நல்லது. ஆனால் இன்று அதோடு சேர்த்து ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நமக்கு அறிமுகமில்லாத ஒருவர் இந்த வாசலில் வந்து நின்றால், அவருக்கு என்ன நடக்கிறது?

இதற்குப் பதில் தேடி உங்களை யூத மக்களுடைய வீடுகளுக்கும் ஜெப ஆலயங்களுக்கும் அழைத்துச் செல்லப்போகிறேன். நம் ஆண்டவர் வளர்ந்தது அந்த மக்கள் நடுவில். அவர் விருந்தாளியாகப் போய் உட்கார்ந்ததும் பெரும்பாலும் அவர்களுடைய மேசைகளில்தான். அந்நியரை வீட்டுக்குள் அழைத்து உபசரிப்பதை அவர்கள் எபிரெய மொழியில் 'ஹக்னாசத் ஓர்ஹிம்' என்கிறார்கள். 'விருந்தாளிகளை உள்ளே கொண்டுவருதல்' என்பது அதன் நேர்ப்பொருள். வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பதல்ல அது. எழுந்துபோய் உள்ளே அழைத்து வருவது.

கூடார வாசலில்

ஆதியாகமம் 18ஆம் அதிகாரம் நமக்கு நன்றாகத் தெரியும். மம்ரேயில், பகலின் வெயில் வேளையில், ஆபிரகாம் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். வயது 99. விருத்தசேதனம் செய்துகொண்ட காயம் ஆறாத மூன்றாம் நாள் அது என்று யூதப் போதகர்கள் சொல்வார்கள். அப்போது மூன்று பேர் எதிரே நிற்பதைக் காண்கிறார். ஓடிப்போகிறார், தரைமட்டும் குனிகிறார், கால் கழுவத் தண்ணீரும் கொஞ்சம் அப்பமும் தருவதாகச் சொல்கிறார்.

'கொஞ்சம் அப்பம்' என்று சொன்னவர் என்ன செய்தார் பாருங்கள். சாராளிடம் விரைந்துபோய் மூன்றுபடி மெல்லிய மாவைப் பிசையச் சொன்னார். இங்கே 'படி' என்று நாம் வாசிக்கும் அளவு எபிரெயத்தில் 'சேயா'. மூன்று சேயா என்றால் 20 லீட்டருக்கு மேல் மா. மூன்று பேருக்கு! அதோடு ஒரு இளங்கன்று, வெண்ணெய், பால். நீதிமான்கள் கொஞ்சமாகச் சொல்லி நிறையச் செய்வார்கள் என்று யூதப் போதகர்கள் இதிலிருந்து கற்பித்தார்கள். நம்மில் சிலர் நிறையச் சொல்லி... சரி, அதை விட்டுவிடுவோம்.

இன்னொரு காரியத்தையும் அவர்கள் கவனித்தார்கள். அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் கர்த்தர் ஆபிரகாமுக்குத் தரிசனமாகிறார். அடுத்த வசனத்திலோ ஆபிரகாம் வழிப்போக்கர்களை நோக்கி ஓடுகிறார். அப்படியானால் கர்த்தரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு விருந்தாளிகளிடம் போனாரா? ஆம் என்கிறது தல்மூத். தெய்வீகப் பிரசன்னத்தை வரவேற்பதைவிட விருந்தாளியை வரவேற்பது பெரிது என்று, ரவ் என்னும் போதகரின் பெயரால் அது ஒரு பாடம் தருகிறது. துணிச்சலான பாடம். ஆனால் விருந்தாளிக்காக எழுந்து ஓடிய ஆபிரகாமைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை.

அவர்கள் தேவதூதர்கள் என்று தெரிந்துதானே ஓடினார் என்று யாராவது கேட்கலாம். தல்மூதில் இதற்குப் பதிலாக ஒரு கல்யாண விருந்துக் காட்சி வருகிறது. ரபான் கமாலியேல் தம் மகனின் கல்யாணத்தில் தாமே எழுந்து நின்று எல்லோருக்கும் பானம் ஊற்றிக் கொடுக்கிறார். இவர் பவுலுக்குக் கற்பித்த கமாலியேலின் பேரன். அந்தக் காலத்து யூதப் போதகர்களுக்குத் தலைவர். ரபீ எலியேசர் பாத்திரத்தை வாங்க மறுக்கிறார். நாம் உட்கார்ந்திருக்க இவ்வளவு பெரியவர் நின்று பரிமாறுவதா என்று அவருக்குக் கூச்சம். அப்போது ரபீ யோசுவா சொல்கிறார்: இவரிலும் பெரியவரான ஆபிரகாமே நின்று பரிமாறினாரே! அதுவும் வந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தேவதூதர்களாகத் தெரியவில்லை. பாலைவனத்து அரபியராகத்தான் தெரிந்தார்கள். பக்கத்தில் இருந்த ரபீ சாதோக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறார். மனிதருடைய பெருமையைப் பேசுவானேன்? காற்றை வீசப்பண்ணி, மழையைப் பொழியப்பண்ணி, ஒவ்வொருவருக்கும் முன்பாக மேசையை ஆயத்தம்பண்ணுகிறவர் கர்த்தர் அல்லவா என்று கேட்கிறார்.

ஆபிரகாம் முகத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து, இவர்கள் யார், எந்தத் தெய்வத்தை வணங்குகிறவர்கள் என்று விசாரித்து முடித்தபின் மாவைப் பிசையச் சொல்லவில்லை. முதலில் தண்ணீர்; பிறகு அப்பம்; விவரமெல்லாம் அதற்குப் பிறகு. எபிரெயருக்கு எழுதின நிருபம் 13ஆம் அதிகாரத்தில், சிலர் அறியாமலே தேவதூதரை உபசரித்தார்கள் என்று நினைவூட்டப்படுகிறதே, அதில் முக்கியமான சொல் 'அறியாமலே' என்பதுதான்.

கதவும் மேசையும்

இது ஆபிரகாமோடு முடிந்துவிடவில்லை. எருசலேமில் ஒரு நல்ல வழக்கம் இருந்ததாகப் பழைய யூத நூல்கள் சொல்கின்றன. விருந்து நடக்கும் வீட்டு வாசலில் ஒரு துணியைத் தொங்கவிடுவார்களாம். துணி தொங்கும்வரை யாரும் உள்ளே வரலாம். பாபிலோனில் வாழ்ந்த ரவ் ஹூனா சாப்பிட உட்காரும்போதெல்லாம் கதவைத் திறந்துவைத்து, தேவையுள்ளவர்கள் வந்து சாப்பிடலாம் என்று சத்தமாக அழைப்பாராம். யோபுவின் வீட்டுக்கு நான்கு பக்கமும் வாசல் இருந்தது என்று ஒரு மரபு உண்டு. எந்தத் திசையிலிருந்து ஏழை வந்தாலும் வாசலைத் தேடி வீட்டைச் சுற்றி அலையக்கூடாது என்பதற்காகவாம்.

ஜெப ஆலயத்திலும் இதே மனம்தான். 1913ஆம் ஆண்டில் எருசலேமில், பழைய தாவீதின் நகரப் பகுதியில், அகழ்வாராய்ச்சியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது, கி.பி. 70இல் தேவாலயம் இடிக்கப்படுவதற்கு முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் கருத்து. தியோதோத்தோஸ் என்னும் ஆசாரியர், ஜெப ஆலயத் தலைவரும் அவர்தான், தாம் கட்டிய ஜெப ஆலயத்தைப்பற்றி அதில் எழுதிவைத்திருக்கிறார். வேதம் வாசிப்பதற்கும் கற்பனைகளைக் கற்பிப்பதற்கும் மட்டுமல்ல, வெளியூரிலிருந்து வந்து தங்க இடமில்லாதவர்களுக்காக அறைகளும் தண்ணீர் வசதியும் கட்டப்பட்டன என்கிறது கல்வெட்டு. யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஜெப ஆலயம் ஒன்றின் கட்டட வரைபடத்திலேயே அந்நியருக்கு ஒரு அறை இருந்தது. பின்னர் பாபிலோனிலும் ஜெப ஆலயத்தில் சாப்பிட்டுத் தூங்கும் வழிப்போக்கர்களுக்காக, வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்கும் ஆசீர்வாதத்தை அங்கேயே சொன்னார்கள். கிழக்கு ஐரோப்பாவின் யூத ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும், பின்னால் நிற்கும் வெளியூர்க்காரரை வீட்டுக்காரர்கள் தங்கள் மேசைக்கு அழைத்துப் போவது வழக்கமாக இருந்தது.

பிள்ளைகளே, உங்களுக்குப் பிடிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பஸ்கா இரவில் யூதக் குடும்பம் மேசையைச் சுற்றி உட்காரும். புளிப்பில்லாத அப்பத்தை உயர்த்திப்பிடித்து, பசியுள்ளவர்கள் எல்லோரும் வந்து சாப்பிடலாம் என்ற அழைப்பைச் சொல்வார்கள். அந்த இரவின் வாசிப்புகளில் பெரும்பகுதி எபிரெயத்தில் இருக்கும். இந்த அழைப்போ அரமேய மொழியில் இருக்கும். ஏன்? தெருவில் போகும் ஏழைக்கும் புரியவேண்டும் என்பதற்காக, அன்றைய பேச்சு மொழியில் வைத்தார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். மேசையில் எலியா தீர்க்கதரிசிக்கென்று ஒரு பாத்திரம் நிரப்பி வைக்கப்படும். இரவில் ஒரு கட்டத்தில் கதவைத் திறப்பார்கள். பல வீடுகளில் அதைத் திறக்க ஓடுவது பிள்ளைகள்தான். யூதர்களின் நாட்டுப்புறக் கதைகளில் எலியா அடிக்கடி கந்தல் உடுத்த பிச்சைக்காரராக, களைத்த பயணியாக வருவார். எந்தப் பிச்சைக்காரர் எலியா என்று யாருக்கும் தெரியாது. அதனால் எந்தப் பிச்சைக்காரரையும் விரட்ட முடியாது!

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்னும் பெரிய போதகர், வைத்தியர், பண்டிகையைப்பற்றிக் கண்டிப்பாக எழுதினார். வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி பிள்ளைகளோடு மட்டும் சாப்பிட்டு, ஏழைக்கும் மனம் கசந்தவருக்கும் கொடுக்காதவருடைய மகிழ்ச்சி, கர்த்தர் கட்டளையிட்ட மகிழ்ச்சி ஆகாது. அது வெறும் வயிற்றின் மகிழ்ச்சி என்றார். ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு முன்பாக இதைச் சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தேன்.

பிள்ளைகளுக்கு ஒரு கதை

இதுவரை சொன்னதைக் கேட்டால் யூத மக்கள் எல்லோரும் எப்போதும் அன்பாக இருந்தார்கள் என்று தோன்றும். அவர்களுடைய நூல்கள் அப்படிப் பொய் சொல்வதில்லை. பெரியவர்கள் தவறியதையும் எழுதிவைத்திருக்கின்றன. தல்மூதில் உள்ள ஒரு கதையைக் கேளுங்கள்.

ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன், எலெயாசார் என்னும் ரபீ தம் குருவின் வீட்டிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரை வழியாகக் கழுதைமேல் பயணம். மனமெல்லாம் மகிழ்ச்சி, கூடவே கொஞ்சம் கர்வம், நிறையப் படித்துவிட்டோம் என்று. எதிரே ஒரு மனிதர் வந்தார். பார்ப்பதற்கு மிகவும் அவலட்சணமானவர். அவர் மரியாதையாக ரபீக்குச் சமாதான வாழ்த்துச் சொன்னார். ரபீ பதில் வாழ்த்துச் சொல்லவில்லை. சொல்லாததோடு நின்றாரா? உங்கள் ஊரில் எல்லோரும் உன்னைப்போல அவலட்சணமானவர்கள்தானா என்று கேட்டுவிட்டார்.

அந்த மனிதர் கோபப்பட்டுக் கத்தவில்லை. அது எனக்குத் தெரியாது. என்னைச் செய்த கைவினைஞரிடம் போய், நீர் செய்த இந்தப் பாத்திரம் இவ்வளவு அவலட்சணமாக இருக்கிறதே என்று நீரே சொல்லும் என்றார்.

ரபீயின் நெஞ்சில் அது அம்புபோல் தைத்தது. தாம் பழித்தது யாரை என்று புரிந்துவிட்டது. உடனே கழுதையை விட்டு இறங்கி, அந்த மனிதரின் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிக்கவில்லை. முதலில் கைவினைஞரிடம் போய்ச் சொல்லும் என்று நடந்தார். ரபீ அவர் பின்னாலேயே நடந்தார். கழுதையில் ஏறவில்லை, ஊர் எல்லைவரை நடந்தார்.

ஊரார் திரண்டுவந்து 'ரபீ, ரபீ' என்று வரவேற்றார்கள். யாரை ரபீ என்கிறீர்கள், இவர்தான் ரபீ என்றால் இப்படிப்பட்டவர்கள் இஸ்ரவேலில் பெருகாமல் இருக்கட்டும் என்று சொல்லி, நடந்ததையெல்லாம் அந்த மனிதர் எடுத்துச் சொன்னார். ஊரார் கெஞ்சிக் கேட்டபிறகு, இனி இப்படிச் செய்யும் பழக்கம் கூடாது என்ற நிபந்தனையோடு மன்னித்தார். அன்றைக்கே ரபீ எலெயாசார் உள்ளே போய்ப் போதித்த பாடம் இதுதான்: மனிதன் கேதுரு மரம்போல விறைப்பாக இல்லாமல், நாணல்போல மென்மையாக இருக்கவேண்டும். அதனால்தான் வேதச் சுருளை எழுதும் எழுதுகோலாகும் பாக்கியம் நாணலுக்குக் கிடைத்தது.

வழியில் வந்தவர் எலியா தீர்க்கதரிசி என்றும் ஒரு மரபு உண்டு. அவர் எலியாவாக இல்லாமல் சாதாரண மனிதராக இருந்திருந்தாலும் கதை மாறாது. அவரைச் செய்தவர் ஒருவரே.

நமது வாசல்

யாக்கோபின் நிருபம் 2ஆம் அதிகாரத்தில் இதே காட்சி வருகிறது. பொன் மோதிரமும் நல்ல உடையுமாய் ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார். அழுக்கு உடையோடு இன்னொருவரும் வருகிறார். ஒருவருக்கு நல்ல இடம். மற்றவருக்கு நிற்க இடம், அல்லது காலடியில் உட்கார இடம். யாக்கோபு இதை வன்மையாகக் கண்டிக்கிறார். அங்கே விசுவாசிகள் கூடும் இடத்துக்குக் கிரேக்கத்தில் அவர் எழுதிய சொல் 'சினகோகே', அதாவது ஜெப ஆலயம். அந்நியருக்கென்று அறை கட்டிய ஜெப ஆலயங்களை அறிந்தவர் அவர். கிறிஸ்துவின் பெயரால் கூடும் இடத்தில் அழுக்கு உடைக்காரர் தள்ளி வைக்கப்பட்டால் அவருக்கு எப்படி வலித்திருக்கும்!

இதைப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று பலமுறை யோசித்தேன். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில், ஆலய வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு பனிக்கால ஞாயிறு. பாடல் தொடங்கியபின் ஒருவர் வந்தார். சவரம் செய்யாத முகம், பெயின்ட் கறை படிந்த ஜாக்கெட், சிவந்த கண்கள். குடித்திருக்கிறார், பணம் கேட்க வந்திருக்கிறார் என்று என் மனம் ஒரே நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டது. நான் அவருக்குப் பாட்டுப்புத்தகம் கொடுக்கவில்லை. கடைசி வரிசையின் ஓரத்தைக் கையால் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போய்விட்டார். பிறகு ஒரு சகோதரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: அவர் இரவு முழுவதும் வேலை செய்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக ஆராதனைக்கு வந்திருக்கிறார். ஊரில் அவருடைய தாயார் இறந்து அது இரண்டாவது வாரம். அவர் திரும்ப வரவில்லை. அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ரபீ எலெயாசாருக்கு அந்த மனிதரின் பின்னால் ஊர் எல்லைவரை நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் இந்த ஆண்டு நிறைவு நாளில் வாசலைப்பற்றிப் பேசுகிறேன்.

நம் வேதாகமத்தில் 'பரதேசி' என்று ஒரு சொல் இருக்கிறது. வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்பதே அதன் பொருள். நம் வாயிலோ அது திட்டும் சொல்லாகிவிட்டது. பரதேசியை ஒடுக்காதே என்று மோசேயின் ஆகமங்கள் 36 இடங்களில் எச்சரிப்பதாகத் தல்மூத் கணக்குச் சொல்கிறது. வேறு சிலர் கணக்கில் 46. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது: எகிப்தில் அந்நியராய் இருந்த உங்களுக்கு அந்நியருடைய மனம் தெரியுமே! இந்த மண்டபத்தில் இருக்கும் பெற்றோருக்கும் அது தெரியும். புரியாத மொழியில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நாள் தெரியும். யாராவது ஒருவர் நம் பெயரைச் சரியாக உச்சரித்தபோது கண் கலங்கிய நாளும் தெரியும்.

ஆகவே மூன்று காரியங்கள் கேட்கிறேன். முதலாவது, ஆராதனை முடிந்ததும் நமக்குத் தெரிந்தவர்களிடம் போகுமுன், தெரியாத ஒருவரிடம் போவோம். 'எந்த ஊர், யாருடைய பிள்ளை' என்ற விசாரணையை உடனே தொடங்காமல், முதலில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்போம். இரண்டாவது, வீட்டு மேசையில் மாதத்துக்கு ஒருமுறையாவது, திருப்பி அழைக்க வசதியில்லாத ஒருவருக்கு இடம் வைப்போம். தனியாக இருக்கும் மாணவர், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர், பக்கத்து வீட்டு முதியவர்.

மூன்றாவது பிள்ளைகளுக்கு. பஸ்கா இரவில் கதவைத் திறக்க ஓடும் பிள்ளைகளைப்போல நீங்களும் இந்தக் கதவுக்குப் பொறுப்பாளர்கள். தமிழ் தெரியாத ஒருவர் இங்கே வந்தால் எங்களில் சிலர் தயங்கி நிற்போம். உங்களுக்கு இந்த நாட்டு மொழி தண்ணீர்பட்ட பாடு. ஏழைக்குப் புரியும் மொழியில் பஸ்கா அழைப்பைச் சொன்னதுபோல, வருகிறவருக்குப் புரியும் மொழியில் நீங்கள் வரவேற்புச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் யாருடைய முகத்தையோ, தோலின் நிறத்தையோ, உடையையோ மற்றவர்கள் கேலி செய்யும்போது, அந்தப் பாத்திரத்தைச் செய்தவரை நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காரவேண்டும்.

கடைசியாக எம்மாவு ஊருக்குப் போகும் வழியை நினைத்துக்கொள்வோம். யூத மேசையில் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பது வீட்டுக்காரரின் உரிமை. அவர்தான் தாராளமாகப் பிடுவார் என்பார்கள். அந்த மாலையில் இரண்டு சீஷர்கள், வழியில் சேர்ந்துவந்த ஒரு அந்நியரை, பொழுது சாய்கிறதே என்று வருந்தி அழைத்துத் தங்கவைத்தார்கள். பந்தியில் அப்பத்தை எடுத்து ஆசீர்வதித்துப் பிட்டது அந்த விருந்தாளி. அப்போதுதான் அவர்கள் கண்கள் திறந்தன. அவரை அந்த வாசலில் வழியனுப்பி வைத்திருந்தால், தங்களோடு நடந்தவர் யார் என்று அந்த இரவில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த வாசலில் நிற்பவர் யார் என்று நமக்கும் தெரியாது. திறப்போம்.

கிருபையுள்ள கர்த்தர் தாமே நம் சபையையும், நம் வீடுகளையும், நம் பிள்ளைகளையும் ஆசீர்வதித்து, திறந்த கதவும் திறந்த மனமும் உள்ளவர்களாக வரும் ஆண்டிலும் நடத்துவாராக. ஆமென்.